சாமிக்கு ஆகாத பூ

பூப்பது செடியின் வேலை, பூக்காவிட்டால் பதில் சொல்வது மாலியின் வேலை. பங்களாத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மொட்டைக் கிளையைப் பார்த்ததும் எஜமான் எங்காவது நிற்கிறாரா என்று திரும்பிப் பார்ப்போமே, அது உங்களுக்கும் தெரியும். நான் தங்கவயலில் ஒரு துரை பங்களாவில் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்கிறேன், உங்கள் பாட்டோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். சுரங்கத்தின் பேர் வேண்டாம். நந்திதுர்க் சுரங்கத்துக்குப் போகிற வழியில் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

சன்னலுக்கு நேரே

நான் முதலில் மாலி இல்லை. குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து, மற்ற எல்லாரையும் போலக் கேஜ் என்கிற கம்பிக் கூண்டில் ஏறிப் பூமிக்கு உள்ளே போனவன்தான். ஒருநாள் உள்ளே பாறை தானாக வெடித்தது. எனக்கு அடி ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து கேஜின் கம்பிக் கதவு மூடுகிற சத்தம் கேட்டாலே கண்ணை இறுக மூடிக்கொள்வேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். குடிசை வாசலில் நான் வைத்திருந்த கனகாம்பரத்தைப் பார்த்துவிட்டுத் துரை என்னைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டபோது, மாரியம்மனே நேரில் வந்து கையைப் பிடித்துத் தூக்கியதாக நினைத்தேன்.

நினைப்பு அரை நாள் நின்றது. துரைசானியம்மா உட்காருகிற சன்னலுக்கு நேரே, சுரங்கக் குழியான ஷாஃப்டின் மேலிருக்கிற சக்கரம் தெரியும். கேஜ் இறங்கினால் சுற்றும், ஏறினால் சுற்றும். துரை தினமும் உள்ளே போகிறவர். அந்த அம்மா புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சக்கரத்தையே பார்ப்பார். சக்கரம் நின்றால் எழுந்து நடப்பார், சுற்றினால் உட்காருவார். அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துத்தான், சன்னலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே பூச்செடி வேண்டும், அதில் வருஷம் முழுக்கப் பூ இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். துரையின் உத்தரவை எனக்குத் தமிழில் சொன்னவர் பட்லர் சாமுவேல்.

"பன்னெண்டு மாசமும் பூவாம் மாலி. ஒரு மாசம் மொட்டையா நின்னாலும் மறுநாளு நீ கேஜ்ல நிப்பியாம்."

முகம் கழுவின ரோஜா

துரைசானியம்மாவுக்கு ரோஜாதான் ஆசை. பெங்களூரிலிருந்து ரயிலில் தொட்டி தொட்டியாக வந்து இறங்கியது. நானும் குழி தோண்டி, எரு போட்டு, பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்த்தேன். பங்குனி, சித்திரையில் ஊரே வந்து பார்க்கிற பூ. ஆடி மாதம் காற்று திரும்பியது. நம் ஊர் மணல் மேடுகள் உங்களுக்குத் தெரியுமே, பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டுகிறார்களே, அந்தச் சயனைடு மேடுகள். அதிலிருந்து மாவு மாவாகக் கிளம்பி வந்து ஒவ்வொரு இலையிலும் உட்கார்ந்தது. மொட்டு விரியாமலே வெளுத்துச் சுருண்டது.

ஈரத்துணியை எடுத்துக்கொண்டு இலை இலையாகத் துடைத்தேன். இந்த ஓரத்தை முடித்து அந்த ஓரத்துக்குப் போவதற்குள் இந்த ஓரம் மறுபடி வெள்ளை. தண்ணீரோ வண்டியில் வருகிற தண்ணீர், அதற்கும் ஆயிரம் சண்டை. ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. தப்பிய சில செடிகளையும் வேலி தாண்டி வந்த ஆடு முடித்துக் கொடுத்தது. நான் துணியோடு உட்கார்ந்திருந்ததைச் சாமுவேல் சமையலறை வாசலில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"செடிக்கு மூஞ்சி கழுவி வுடற ஊரு, இந்த ஒலகத்துல இது ஒண்ணுதாம்பா."

மாசி மாதத்து ஓட்டை

அதற்குப் பிறகு நான் அழகைப் பார்த்துச் செடி வைக்கவில்லை, பயத்தைப் பார்த்து வைத்தேன். சித்திரை வெயிலுக்கு மயில்கொன்றை. மழை விழுந்ததும் இட்லிப்பூ. கார்த்திகை, மார்கழிக் குளிருக்கு டிசம்பர் பூ. எல்லாம் சரிதான், டிசம்பர் பூ ஓய்ந்து மயில்கொன்றை எழுகிறவரைக்கும் நடுவே மாசி மாதம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். தொழில்காரர்கள் எல்லாருக்கும் இப்படி ஒரு மாசி மாதம் உண்டு.

அந்த ஓட்டையை அடைத்தது செவ்வரளி. பக்கத்துக் கோரமண்டல் சுரங்கத்துப் பங்களா ஒன்றின் வேலியிலிருந்து குச்சி ஒடித்து வந்து நட்டேன். வெயிலுக்கும் பூக்கும், பனிக்கும் பூக்கும். இலை தடிப்பு, மணல் விழுந்தால் வழுக்கிவிடும். பால் விஷம், ஆடு மோந்துகூடப் பார்க்காது. அடுத்த வருஷம் வேலியோரம் வரிசையாக ஆள் உயரம் வந்து சன்னலுக்கு நேரே சிவப்பாக நின்றபோது, இனி கேஜ் இல்லை என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பொழுது சாய்கிறபோது கொத்துக் கொத்தாக இருக்கிற பூ, காலையில் துரைசானியம்மா சன்னல் திறக்கிற நேரத்தில் பாதி இருக்காது. விடியலில் போய் நின்றேன். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் வேலிக்கு மேலே கைநீட்டி ஆளுக்கு ஒரு பூ பறித்துக்கொண்டு போனார்கள். ஷாஃப்ட் வாயில் முனீஸ்வரன் கல் இருக்கிறது. அதன் தலையில் ஒரு பூ வைக்காமல் யாரும் கேஜில் கால் வைக்க மாட்டார்கள். நானும் வைத்தவன்தான். என் பழைய மேஸ்திரி முனிரத்தினமும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அண்ணா, என் பிழைப்பே இந்தப் பூவில்தான் இருக்கிறது என்று கெஞ்சினேன். அவர் பறித்த பூவைக் கீழே போடவில்லை.

"நீ மேல வந்துட்டே. உள்ள போறவனை வெறுங்கையோட போவச் சொல்றியா?"

சாமிக்கு ஆகாத பூ

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் மாசி மாதம் வரத்தானே போகிறது? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன், எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. சாமிக்கு ஆகாத பூவை வைத்தால் யார் பறிப்பார்கள்? ஆவணியில் அரளி வரிசையை வேரோடு வெட்டி எடுத்து, கட்டைகளைச் சமையலறைக்குப் பின்னால் போட்டேன். அந்த இடத்தில், நர்சரியில் தொட்டியில் வளர்ந்த காகிதப்பூவை வாங்கி வைத்தேன். வாசனை கிடையாது, எந்தச் சாமியும் ஏற்காது. முள் இருப்பதால் ஆட்டுக்கும் ஆகாது.

தை பிறப்பதற்குள் சன்னல் முழுக்க ஊதா. ஒரு பூவைக்கூட யாரும் தொடவில்லை. துரை வராந்தாவில் நின்று தலையாட்டினார். ஷிப்டுக்குப் போகிறவர்கள் வேலியோரம் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் போனார்கள். கல்லின் தலை வெறுமையாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். பூ நிறைந்த தோட்டத்தில் எனக்கு உட்காரவும் பிடிக்கவில்லை, நிற்கவும் பிடிக்கவில்லை. துரைசானியம்மாவும் புத்தகத்தை மூடிவிட்டு அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். பூ பிடிக்கவில்லையா என்று சாமுவேலைக் கேட்டேன். அவர் வெட்டின அரளிக் கட்டைகளையே பார்த்தார்.

"வெட்டறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதாப்பா?"

அதன் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

கெட்ட ஆடு

மாசியில் ஒருநாள் நடுப்பகலில் தரை அதிர்ந்தது. சன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. உள்ளே பாறை வெடித்திருக்கிறது. துரையும் உள்ளே, முனிரத்தினம் ஆட்களும் உள்ளே. சக்கரம் நின்றுவிட்டது. துரைசானியம்மா தோட்டத்துக்கு ஓடிவந்து, காகிதப்பூவை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முள் கீறி ரத்தம் வந்தது, அவருக்குத் தெரியவில்லை. எனக்கோ கல்லின் தலையில் பூ இல்லையே என்ற ஒரே நினைப்புதான். சாயங்காலம் சக்கரம் சுற்றியது. ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் விடியலில் சமையலறைக்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு அரளிக் கட்டை மறுபடி தழைத்து ஒரே ஒரு கொத்துப் பூத்திருந்தது. அதைப் பறித்துக்கொண்டு நின்றவர் துரைசானியம்மா. சாமுவேல் பக்கத்தில் தட்டோடு நின்றார். பிறகு அவரே சொன்னார், அரளி பூத்த நாளிலிருந்து இதுதான் வழக்கமாம். அந்த அம்மா இருட்டோடு வந்து பறிப்பார், துரைக்குத் தெரியாமல் இவர் கொண்டுபோய்க் கல்லில் வைப்பார். இவர் சர்ச்சுக்குப் போகிறவர், அதனால் முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்வாராம். நான் மேஸ்திரியிடம் கெஞ்சிக்கொண்டிருந்த அத்தனை நாளும், பாதிப் பூவைப் பறித்தது என் எஜமானியம்மாதான்.

காகிதப்பூ போய்ச் சன்னலுக்கு நேரே அரளி மறுபடி வந்தது. பூத்த பூவெல்லாம் காலையில் போய்விடும், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம், இந்தப் பக்கம் துரைசானியம்மா. அடுத்த மாசியில் ஒரு காலை, துரை வராந்தாவில் நின்று மொட்டைக் கிளைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஷாஃப்ட் பக்கம் கையை நீட்டினார். மொழிபெயர்க்கச் சாமுவேல் தேவைப்படவில்லை. கம்பிக் கதவு மூடுகிற சத்தம் அப்போதே என் காதில் விழுந்துவிட்டது. துரைசானியம்மா சன்னலை விட்டு எழுந்து வெளியே வந்து இங்கிலீஷில் ஏதோ விறுவிறுவென்று சொன்னார். துரை நீட்டின கையை மடக்கிக்கொண்டு, வேலியை எங்கே ஆடு தாண்டியிருக்கும் என்று பார்க்கப் போனார். அந்த அம்மா முகத்தை மாற்றாமல் என் பக்கம் திரும்பி, துரைக்குக் கேட்கும்படித் தமிழில் சொன்னார்.

"ஆடு, மாலி. ரொம்ப கெட்ட ஆடு. இல்லே?"

ஆகவே பன்னிரண்டு மாதமும் பூக்கிற செடி எது என்று யாராவது கேட்டால், எந்த ஆடும் தொடாத அரளி, எங்கள் பங்களாவில் மட்டும் தினமும் ஆடு தின்கிற அரளி என்று சொல்லிவிட்டு, வேலியைப் பார்க்கிற மாதிரி நகர்ந்துவிடுகிறேன்.