அக்கா விழுந்த மத்தியானம்

எங்கள் குப்பத்தில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் தம்பி இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல்மேட்டில், இரண்டு வீடுகளில் நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாக உலை வைத்துக்கொண்டிருந்தோம்.

நான் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அக்கா மீன் வியாபாரி. ஐஸ் போட்ட மீன் நிறைந்த அன்னக்கூடையை அவளே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பொன்னேரி பஸ்ஸில் ஏறிவிடுவாள். நாற்றம் அடிக்கிறது என்று கண்டக்டர் சத்தம் போட்டால், இவள் அதைவிடப் பெரிதாகச் சத்தம் போடுவாள்.

அந்த உடம்பு எப்போது இறங்க ஆரம்பித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காய்ச்சல் என்று படுக்கவில்லை. சர்க்கரையும் இல்லை. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. ஒருநாள் வியாபாரத்துக்குப் போகாமல் படுத்திருந்தாள். மறுநாளும் போகவில்லை. அப்படியே நின்றுபோனது. டீயில் பன்னைத் தொட்டுத் தின்றுவிட்டுச் சாப்பாடு ஆயிற்று என்பாள். குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தால், "மீன் வாசனையே புடிக்கலடி" என்பாள்.

மருத்துவ வண்டி எங்கள் ஊருக்கு வந்தபோது அவளை வற்புறுத்திக் கூட்டிப் போனேன். நர்ஸ் சின்னப் பெண். தன் இரண்டு விரலை அக்காவிடம் நீட்டி, "நல்லா அழுத்துங்கம்மா" என்றாள்.

"அழுத்திக்கினுதானே கீறேன்" என்றாள் அக்கா.

பிறகு நர்ஸ் அவளைக் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னாள். அக்கா பாதி எழுந்து, தொப்பென்று உட்கார்ந்து, "இன்னாமா இது, சின்னப் புள்ளைங்க ஆட்டம்" என்று சிரித்தாள். நர்ஸ் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: "பெருசா வியாதின்னு இல்லம்மா. ஆனா உடம்புல தெம்பே இல்ல. இந்த நெலமையில லேசா விழுந்தாகூட தேறி வர்றது கஷ்டம். முட்டை, பயறு சாப்பிடணும், தெனமும் கொஞ்சம் நடக்கணும். தனியா விடாதீங்க."

என்னையும் சோதித்துப் பார்க்கிறேன் என்றாள். எனக்கு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.

தனியாக விடக் கூடாது என்றால் துணைக்கு இருக்கவேண்டியவள் நான்தான். அவளைவிட எனக்கு ஒன்றிரண்டு வயதுதான் குறைவு. முட்டை அவித்துக் கொண்டுபோவேன். மஞ்சளைத் தின்றுவிட்டு வெள்ளையைக் காக்கைக்குப் போடுவாள். சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடக்கக் கூப்பிட்டால், "நாளைக்கிப் போலாம்" என்பாள்.

அவள் விழுந்தது ஆடி மாதத்தில், கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை. ஊரே கோயிலில் இருந்தது. ஸ்பீக்கரில் பாட்டு. அக்கா வரவில்லையே என்று ஒரு தூக்கில் கூழ் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். புடவை நனைந்திருந்தது.

"எவ்ளோ நேரமா கத்தறேன், யாருக்கும் கேக்கல" என்றாள்.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக இருந்தவள்தான், ஆனாலும் என்னால் அசைக்க முடியவில்லை. இன்னொரு தரம் முயன்றபோது அவள் வலியில் அலறினாள். எனக்கு மூச்சு வாங்கியது. அவள் தலையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று மெல்லத் தரையில் உட்கார்ந்தேன்.

கொஞ்சம் கழித்து, "போயி யாரையாச்சும் கூட்டாடி" என்றாள்.

எழப் பார்த்தேன். கல்லைப் பிடித்தேன். சுவரைப் பிடித்தேன். முட்டி மடங்கினது மடங்கினபடியே இருந்தது.

"என்னாலயும் ஏந்திரிக்க முடியலக்கா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நல்லாகீது போ! உன்ன யாரு ஒக்காரச் சொன்னா?" என்று சிரிக்க ஆரம்பித்து, வலியில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

என் போன் வீட்டில் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கூப்பிட்டோம். கோயில் பாட்டில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. வெயில் நகர்ந்து அவள் முகத்துக்கு வந்தது. முந்தானையைப் பிடித்து மறைத்தேன். கை வலித்ததும் மாற்றிப் பிடித்தேன்.

"பயமா கீதுடி" என்றாள் அக்கா. கடல் ஊருக்குள் வந்த நாளில்கூட அவள் வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை அது. எனக்கும்தான் என்று சொல்ல நினைத்தேன். அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தேன்.

கரண்ட் போனது. ஸ்பீக்கர் நின்றது. அப்போது கத்தியதுதான் யார் காதிலோ விழுந்தது. பெண்கள் ஓடிவந்தார்கள். வழியில் உட்கார்ந்திருந்த என்னைத்தான் முதலில் தூக்கிவிட்டார்கள்.

அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பொன்னேரியிலிருந்து சென்னைக்கு அனுப்பி ஆபரேஷன் செய்தார்கள். அவள் மகன் மீஞ்சூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். தன் வீட்டு மாடிக்கு அவளைக் கொண்டுபோய்விட்டான். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில் என்று நான் பார்க்கப் போவேன். மாடிப்படியில் இரண்டு தரம் நின்றுதான் ஏற முடியும். மருமகள் நல்ல மாதிரி. முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பாள், கஞ்சி ஊட்டுவாள். ஆனால் அக்கா எழுந்து நடக்கவில்லை. கடைசியாகப் போனபோது என்னை அடையாளம் தெரிந்தது போலவும் இருந்தது, தெரியாதது போலவும் இருந்தது. "பஸ்ஸு போயிடப் போவுது, கெளம்பு" என்றாள். யாரிடம் சொன்னாளோ. தை பிறப்பதற்குள் சளி நெஞ்சில் கட்டி, போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவள் வீட்டைப் பூட்டிவிட்டார்கள். முன்பெல்லாம் விடிந்தால் அந்தப் பக்கம் பக்கெட் சத்தம், இருமல் சத்தம், காக்கையைத் திட்டுகிற சத்தம் கேட்கும். இப்போது அலைச் சத்தம் மட்டும்தான். அது எந்நேரமும் கேட்கிறது என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அந்த மருத்துவ வண்டி மறுபடியும் வந்தபோது நானே போய் வரிசையில் நின்றேன். வேறொரு நர்ஸ். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்துவிட்டேன், சிரமப்பட்டுத்தான். "பரவால்லமா, விடாம நடங்க" என்றாள். இந்தச் செய்தியைச் சொல்லப் பக்கத்து வீட்டில் யாருமில்லாமல் வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

நான் விழுந்து கத்தினால் யாராவது உள்ளே வரவேண்டுமே என்று, பகலில் வாசல் கதவுக்குத் தாழ் போடுவதை விட்டுவிட்டேன். ஆரம்பாக்கத்தில் இருக்கிற மகள் போனில் திட்டுகிறாள்.

"எவனாவது உள்ள பூந்துடுவான்மா."

"வரட்டுமே" என்றேன்.

அவள் திட்டுவதை நிறுத்தினாள். "சாப்டியா?" என்று கேட்டாள்.