இறங்காத தண்ணீர்

ஆறு கடலில் சேருமிடத்தில் நட்ட அளவுகோலைப் பார்த்து மேலிடத்துக்குச் சொல்வதுதான் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. தெருவில் அவர் பெயர் 'புலி'. மூன்று முறை மேலிடத்துப் பேச்சைக் கேட்டு, வெள்ளம் வருகிறது, கிளம்புங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார். மூன்று முறையும் வாசற்படிகூட நனையவில்லை. புலி வருது என்று கேலி பேச அந்தத் தெருவுக்கு இது போதாதா?

கேலியில் அதிகம் நொந்தவள் அவர் மனைவி. தையல்காரி. மூன்று முறையும் மெஷினைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, மறுநாள் ஊர் பார்க்கத் திரும்பி வந்தவள். இனி நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தெருவும் அவள் வாசலைத்தான் பார்த்தது. அளவு பார்க்கிறவர் பெண்டாட்டியே போகவில்லை, நமக்கென்ன அவசரம்?

நாலாவது எச்சரிக்கை ஒரு காலையில் வந்தது. மாலை நாலரைக்குக் கடல் ஏற்றம், கூடவே புயல்காற்று. பத்து மணிக்குக் கரையில் நின்றவர்களோ நிம்மதியாகச் சிரித்தார்கள். இரண்டு மணி நேரமாகத் தண்ணீர் ஒரு விரல்கூட ஏறவில்லையே என்றார் சலூன்காரர். அளவுக்காரர் கோலை மறுபடி பார்த்தார். அது கடல் வற்றுகிற நேரம். நாலடி இறங்கிச் சேறு தெரிந்திருக்க வேண்டும். இறங்காத இந்தத் தண்ணீர் மேல்தான் மாலை ஏற்றமும் வந்து சேரும். சொல்லிப் பார்த்தார். நிற்பது நல்லதுதானே என்று முதுகில் தட்டினார்கள்.

வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"இந்தத் தடவ எவ்வளவு ஏறுமாம்?"

"ஏறுறது இருக்கட்டும். காலைல இறங்கவே இல்ல."

மெஷின் நின்றது. அளவுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பயந்துபோனாள். மெஷினைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள். சலூன்காரர் கேலிக்கு வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைச் சுவர்க் கண்ணாடியைக் கழற்றப் போனார். ஒவ்வொரு வீடாக மூட்டைகள் வெளியே வந்தன.

பாதித் தெருவில் அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் ஆற்றுப்பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?"

"நாலரை வரைக்கும் அளவு சொல்லணும்ல."

அவள் மெஷினை நடுத்தெருவில் இறக்கி வைத்தாள். "அப்ப நானும் போகல."

பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக மூட்டையை இறக்கினார்கள்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளைத் திட்ட வாய் திறந்தவர், தெருவைப் பார்த்தார். மெஷினைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தார்.

நாலு மணிக்கு மேலிடத்திலிருந்து போன் வந்தது. அளவு என்ன என்று கேட்டார்கள்.

"அளவு தெரியாது சார்," என்றார். "தெருவுல யாரும் இல்ல."