மூக்கண்ணனும் இரண்டு கன்வர்ட்டர்களும்

"அவ சும்மா சொல்றாளா? இப்ப நாத்தம் இருக்கா, இல்லையா?"

காரின் முன்பக்கம் குனிந்து நின்றபடி மாமா என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் கையில் பேட்டரி வயர் இருந்தது. எளிய கேள்விதான். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏன் என்பதைப் புரியவைக்க, மாமாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

அவர் என் அம்மாவின் தம்பி. கேஸ் கம்பெனியின் அவசரப் பிரிவில் வேலை. வீடுகளுக்குப் பைப்பில் வரும் சமையல் கேஸ் எங்காவது கசிந்தால் வேனில் ஓடிப் போய் நிற்கிற குழு அது. கேஸுக்கென்று சொந்தமாக வாசனை கிடையாதாம். கசிந்தால் ஆட்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அழுகிய முட்டை போல நாறும் ஒரு மருந்தை அதில் கலந்து அனுப்புகிறார்கள். அந்த நாற்றத்தை மாமா வாசற்படியிலேயே பிடித்துவிடுவார். கூட வந்தவர்கள் பையைத் திறந்து கசிவைக் காட்டும் மீட்டரை எடுப்பதற்குள் அவர் உள்ளே போய்க் கசிகிற இடத்தில் விரலை வைத்திருப்பார். அதனால் குழுவில் அவருக்கு மூக்கண்ணன் என்று பெயர். "மீட்டருக்கு லீவு குடுங்கடா, அண்ணன் வந்தாச்சு" என்பார்களாம். இதைச் சொல்லும்போது மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி இருக்கும்.

இது நடந்த வருடத் தொடக்கத்தில் அவர் கடுமையான காய்ச்சலில் படுத்தார். காய்ச்சல் விட்டது, போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எண்ணெயும் சோப்பும் பெட்ரோலும் அவருக்கு ஒன்றுதான். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அத்தையிடம்கூட. தானாகத் திரும்பி வந்துவிடும் என்று காத்திருந்தார். சொன்னால் வேனிலிருந்து இறக்கி, போன் எடுக்கிற அறையில் உட்காரவைத்துவிடுவார்கள். மூக்கு இல்லாத மூக்கண்ணனாக அந்த ஆட்கள் முன்னால் போய் நிற்க அவருக்கு மனம் வரவில்லை. இதெல்லாம் பின்னால் அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது நாங்கள் கண்டது ஒன்றுதான்: அடுப்பில் பால் தீய்ந்து வீடு முழுக்கப் புகை வாடை அடிக்கும், மாமா பக்கத்து அறையில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

"உங்க மூக்கை ஆபீஸ்லயே கழட்டி வெச்சிட்டு வந்துடுவீங்களா?" என்று அத்தை கத்துவார்.

"சளி" என்பார் மாமா.

நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் அவர்கள் வீட்டில் இருந்தேன். ஒரு இடத்தில் உட்காராத பெண் என்பதால் அந்த வீட்டில் எனக்கு வாலு என்று பெயர்.

மாமாவிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. இரண்டே கதவு, இரண்டே சீட், தரையோடு தரையாக இருக்கும். யாரோ மோதி நொறுக்கிப் போட்டதை வாங்கி வந்து, வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் வைத்துப் பல வருடமாகத் தானே சரிசெய்தார். "ஊர் உலகத்துல உட்கார்றதுக்கு கார் வாங்குவாங்க. இவரு படுக்கறதுக்கு வாங்கியிருக்காரு. பாதி நேரம் அதுக்கு அடியில, மீதி நேரம் அதுக்கு உள்ள" என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்தக் கார்தான் நாற ஆரம்பித்தது. முதலில் சொன்னவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர். "உங்க வண்டி கிளம்பினாலே எங்க வீட்டுக்குள்ள யாரோ கூமுட்டையை உடைச்ச மாதிரி இருக்கு சார். தைக்க வந்தவங்க என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க" என்றார்.

"ஆமா ஆமா, எனக்கும் ரெண்டு நாளா வருது" என்று மாமா மூக்கைச் சுளித்துக் காட்டினார். நாங்கள் நம்பினோம்.

காரின் அடியில், எஞ்சினிலிருந்து வரும் புகையைச் சுத்தம் செய்து வெளியே விடுவதற்கு ஒரு இரும்பு டப்பா இருக்கும். கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்பார்கள். உள்ளே தேன்கூடு போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். அது கெட்டுப்போனால் புகை அழுகிய முட்டை போல நாறும். மாமாவின் காரில் எஞ்சினின் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உண்டு. இரண்டையுமே மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தார்.

"மெக்கானிக்கிட்ட விட்டுடலாமே" என்றார் அத்தை.

"அவன் போல்ட்டையெல்லாம் உடைச்சு வெச்சிடுவான்."

உண்மைக் காரணம் அதுவல்ல. எந்த மெக்கானிக்கும் முதலில் கேட்பது, "எப்படி நாறுது? சூடானா அதிகமா வருதா?" என்றுதான். மாமாவிடம் அதற்குப் பதில் இல்லை.

அடுத்த விடுமுறை நாளில் வேலை தொடங்கியது. பேட்டரி வயரைக் கழற்றினார். காரை ஜாக்கில் தூக்கி நாலு ஸ்டாண்டுகளில் நிறுத்தினார். அட்டையை விரித்து அடியில் நுழைந்தார். நான் டார்ச் பிடித்தேன். வலப்பக்கத்து டப்பா சமர்த்தாகக் கழன்று வந்தது. குலுக்கிப் பார்த்தால் உள்ளே சில்லு சில்லாக உடைந்த தேன்கூடு கலகலத்தது.

"பாத்தியா வாலு, உள்ளுக்குள்ள நொறுங்கிப் போய் கிடக்கு. வெளியில பார்த்தா ஒண்ணுமே தெரியல" என்றார். டப்பாவைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

இடப்பக்கத்தில் ஒரு போல்ட் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. எண்ணெய் அடித்து ஊறவைத்தார், சுத்தியலால் தட்டினார், திட்டினார். கடைசியில் ஸ்பேனரின் பிடிக்கு மேல் ஒரு நீளமான இரும்புக் குழாயைச் செருகி, காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையைப் பிடித்து, காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இழுத்தார். போல்ட் திடீரென்று விட்டுக்கொடுத்தது. குழாய் வீசிப் போய்ச் சுவரோரம் ஓடிய கேஸ் பைப்பில் மோதியது. வெந்நீர் ஹீட்டருக்குப் போகும் பைப் அது.

மாமா உடனே அங்கே போய்விட்டார். இரண்டு பைப்புகள் சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தார். குனிந்து மூக்கை ஒட்டிவைத்து ஆழமாக இழுத்தார். நான் டார்ச்சை அவர் முகத்துப் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணும் இல்ல" என்றார்.

சோப்புத் தண்ணீர் தடவியிருந்தால் நுரை சொல்லியிருக்கும். வீடு வீடாகப் போய் அவர் எல்லோருக்கும் கற்றுக்கொடுப்பதும் அதைத்தான். பிறகு ஒருநாள் இதைக் கேட்டபோது அவர் சொன்னார்: "நீ பாத்துக்கிட்டு நின்னியே. மூக்கண்ணன் சோப்புத் தண்ணி எடுத்தா நீ என்ன நினைப்பியோன்னு இருந்துச்சு."

எண்ணெய் வாடையும் பழைய டப்பாக்களின் கரி வாடையும் ஷெட்டில் ஏற்கெனவே நிறைந்திருந்தன. எனக்கு எதுவும் தனியாகத் தெரியவில்லை. புதிய கன்வர்ட்டர்களை ஏற்றி, புகை கசியாமல் இடையில் கேஸ்கெட் வளையம் வைத்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். சென்சார்களை மாட்டினார். மழை பிடித்துக்கொண்டதால் ஷட்டரை இறக்கிவிட்டோம். காரை ஸ்டாண்டிலிருந்து இறக்கிய பிறகு, காலி அட்டைப் பெட்டிகளைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போடப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே ஓடினேன்.

நனைந்து திரும்பி வந்து கதவைத் திறந்ததும் அது முகத்தில் அடித்தது. அழுகிய முட்டை. அதே நேரம் சமையலறையிலிருந்து அத்தையின் குரல்: "என்னமோ மாத்துறேன் மாத்துறேன்னு சொன்னீங்க, இன்னும் அதே நாத்தம்தானே!"

அப்போதுதான் மாமா பேட்டரி வயரைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைக் கேட்டார். "அவ சும்மா சொல்றாளா? இப்ப நாத்தம் இருக்கா, இல்லையா?"

 காலையிலிருந்து கார் ஸ்டார்ட் ஆகவே இல்லை. புகையே இல்லாமல் நாற்றம் எங்கிருந்து வருகிறது? அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. இந்தக் கேள்வியை ஏன் என்னிடம் கேட்கிறார், அதுவும் இவர்?

வயரைப் பேட்டரியில் மாட்டும்போது சின்னதாக ஒரு பொறி பறக்கும். காலையில் அவரே அதைச் சொல்லியிருந்தார். நான் ஓடிப் போய் அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி?"

"மாமா, உங்களுக்கு வரலையா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரோரத்துப் பைப்பைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை.

"சுவிட்ச் எதையும் தொடாத. போனையும் தொடாத. அத்தையக் கூட்டிக்கிட்டு அப்படியே தெருவுக்குப் போ. அடுப்பு எரிஞ்சா அணைக்கச் சொல்லு. பத்த வைக்கக் கூடாது."

வயரைத் துணியில் சுற்றிக் கீழே வைத்தார். பக்கவாட்டுக் கதவை அகலத் திறந்துவிட்டு வெளியே போய், வீட்டு கேஸ் மீட்டருக்குப் பக்கத்திலிருந்த வால்வை மூடினார். தையல்காரர் வீட்டுக் கதவைத் தட்டி அவர்களையும் தெருவுக்கு வரச் சொன்னார். தையல்காரரின் போனை வாங்கி, எதிர்ப்பக்கத்துக் கடையின் கூரைக்கு அடியில் நின்று, தன் ஆபீசுக்கே அவசர போன் போட்டார்.

வேன் வந்தது. இறங்கிய இருவருமே மாமாவுக்குக் கீழே வேலை பழகியவர்கள். இளையவன் வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"என்னண்ணே, உங்க வீட்டுலயே கேஸா? உங்க மூக்குக்கே டிமிக்கி குடுத்திருக்கே!"

மீட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர்கள் திரும்பி வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. "ஷெட்டு பூரா நிறைஞ்சிருக்குண்ணே. ரொம்ப நேரமா கசிஞ்சிருக்கு. நீங்க உள்ளயா இருந்தீங்க?"

அத்தை முந்திக்கொண்டார். "அவருக்கு ரெண்டு நாளா சளிதான்ப்பா."

நல்ல வழிதான். மாமா தலையை ஆட்டியிருந்தால் போதும். மறுநாள் வேனில் ஏறியிருப்பார்.

"சளி இல்ல" என்றார் மாமா. "காய்ச்சல்ல படுத்தேன்ல, அதுலேர்ந்து எனக்கு எந்த வாசனையும் தெரியல."

இளையவன் இதையும் கேலி என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான். அத்தை மாமாவின் சட்டையைப் பிடித்தார்.  பிடித்த கையை எடுக்கவே இல்லை.

"இந்த வாரம் மாடி வீடு ஒண்ணுல நான் மோந்து பார்த்துட்டு சரின்னு சொன்னேன். நீ மீட்டர் வைக்கவான்னு கேட்ட, நான்தான் வேணாம்னேன். அதுக்கு முன்னாடி அந்தப் பேக்கரி, அப்புறம் குழந்தைங்க காப்பகம். எல்லாத்துக்கும் இப்பவே போகணும். நானும் வர்றேன்" என்றார் மாமா இளையவனிடம்.

"அண்ணே, மழைல... நாளைக்கு..."

"இப்ப போகணும்டா."

கை முழுக்கக் கரியோடும் எண்ணெயோடும் வேனில் ஏறினார். எப்போதும் உட்காரும் முன் சீட்டில் உட்காரவில்லை, பின்னால் ஏறிக்கொண்டார். காய்ச்சலுக்குப் பிறகு மூக்கை மட்டும் நம்பிச் சரி என்று சொன்ன ஒவ்வொரு இடத்துக்கும் போனார்கள். மாமாவே கதவைத் தட்டி, "அன்னிக்கு நான் சரியா பாக்கலைங்க, மன்னிச்சுக்கங்க, இன்னொரு தடவை பாத்துடறோம்" என்றாராம். பேக்கரியில் மட்டும் அடுப்புக்குப் பின்னால் ஒரு மூட்டு லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. மற்ற இடங்கள் நன்றாக இருந்தன. அந்தப் பேக்கரியைப் பற்றி மாமா இன்றுவரை எங்களிடம் ஒரு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

இப்போது அவர் போன் எடுக்கிற அறையில் இருக்கிறார். நாற்றம் அடிக்கிறது என்று பயந்து பேசுகிறவர்களிடம், சுவிட்சைத் தொடாதீர்கள், வெளியே போய் நில்லுங்கள் என்று அதே உயராத குரலில் சொல்கிறார். முதலில் சில மாதங்கள் சாப்பிடாமல் எழுந்து போவார், யாரிடமும் பேச மாட்டார். அத்தை கேலி செய்வதையே நிறுத்திவிட்டார். அது எனக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. வாசனை இன்னும் திரும்பவில்லை. டாக்டர் வரலாம் என்கிறார், வராமலும் போகலாம் என்கிறார்.

மாமாவிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகே இதை எழுதினேன். பெயர் போட வேண்டாம் என்றார்; போடவில்லை. காய்ச்சலில் வாசனை போய், வெட்கப்பட்டு அதை மறைத்துக்கொண்டிருப்பவர் உங்கள் வீட்டிலோ வேலை செய்கிற இடத்திலோ இருக்கலாம். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது, எங்கள் வீட்டிலேயே எங்களுக்குத் தெரியவில்லை. அதனால் ஆள் பார்க்காமல் எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேட்கிறவர் இன்னொருவரிடம் சொல்லட்டும்.