கழன்றால் பெண் இல்லை

வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிறவனிடம், பட்டை நன்றாக இருக்கும்போது ஒருவரும் வரமாட்டார்கள்; கழன்ற பிறகு, இவன்தான் கழற்றிவிட்டான் என்கிற முகத்தோடு வருவார்கள். கண்டிச் சீமையில் கோப்பி வண்டிகளோடு மாரடித்தவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பேராதனை ஆற்றங்கரையில் என் பட்டறை.

மாலை போட்ட மாடு

வெயில் காலத்தில் சக்கரத்து மரம் காய்ந்து சுருங்கும். பட்டை சுருங்காது, நோயாளி விரலில் மோதிரம்போல ஆடும். வண்டி முதலாளி வீரப்பனிடம் வேலை செய்த சின்னான், அப்படி ஆடுகிற பட்டையோடு கடுகண்ணாவை மலையில் இறங்கினான். முதல் வளைவில் பட்டை கழன்று, வண்டியை முந்திக்கொண்டு ஓடி, அடிவாரத்தில் பொதிமாடு ஓட்டி வந்த அக்குறணை ஊர் முஸ்லிம் பெரியவர், நானா என்போம், அவர் மாட்டுக் கழுத்தில் விழுந்தது. பொய் என்பவர்கள் போய்ப் பார்க்கலாம். மலை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பட்டையைக் கேட்டதற்கு நானா, "என்ட மாடு மாலய ஏத்துக்கிட்டுது தம்பி, இனி கழட்டுறது மரியாத இல்ல" என்றார். சின்னான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தான். சின்னானுக்கு வீரப்பனின் மகள் செல்லம்மாவைப் பேசி வைத்திருந்த நேரம் அது. வீரப்பன் என் பட்டறைக்கே வந்து சொன்னார்: "ஆசாரி, நீயும் கேட்டுக்க. இன்னொருக்கா பட்ட கழண்டுச்சுன்னா இவனுக்குப் பொண்ணு இல்ல."

தண்ணீர் வைத்தியம்

ஆடுகிற பட்டைக்குக் கைவைத்தியம் ஒன்று உண்டு: சக்கரத்தைக் கழற்றி ராத்திரி முழுக்க ஆற்றில் போட்டால் மரம் ஊறிப் பட்டையைக் கவ்விக்கொள்ளும். இதைத்தான் சின்னானுக்குச் சொன்னேன். சக்கரத்தைக் கழற்ற அவனுக்குப் பயம். கழற்றினாலும் கழன்ற கணக்குத்தானே என்று நினைத்துவிட்டான். கலஹா தோட்டத்திலிருந்து ஏற்றி வந்த கோப்பிக்கொட்டை மூட்டைகளோடு வண்டியை அப்படியே மகாவலி ஆற்றில் இறக்கிவிட்டு, கரையில் படுத்துத் தூங்கினான்.

காலையில் பட்டை கல்லாக இறுகியிருந்தது. கோப்பியும் ஊறியிருந்தது. கோப்பியை ஒப்படைக்கிற கிடங்கு, அந்த ஸ்டோருக்குப் போய்ச் சேருவதற்குள் மூட்டைத் தையல் வழியாக முளை எட்டிப் பார்த்ததை என் கண்ணால் பார்த்தேன். ஸ்டோர் கணக்கப்பிள்ளை ஒரு முளையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோப்பியக் கொண்டாரச் சொன்னா தோட்டத்தையே கொண்டாந்துட்டியேப்பா."

தலைப்பாகை

தண்ணீர் வைத்தியம் காயும்வரைதான். மறுபடி ஆட்டம் கண்டதும், அது தானாகக் கழலும் முன்பே நான் பட்டையை வெட்டிச் சக்கரத்தைவிடச் சிறிதாக ஒட்டினேன். வரட்டி நெருப்பில் பழுக்கவைத்தால் அது விரியும். மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கிப் பிடிக்கும். வீரப்பனுக்கு நம்பிக்கையில்லை. "சின்ன வளையம் பெரிய சக்கரத்து மேல எப்படிய்யா ஏறும்?" என்று, பழுத்த பட்டையை நான் மாட்டும்போது, தோட்டத்துத் துரை கொடுத்த சரிகைத் தலைப்பாகையோடு குனிந்தார். தலைப்பாகையின் வால் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே போனது. துணி புகைந்தது. பட்டைக்கு ஊற்றத் தண்ணீர் கொண்டுவந்திருந்த செல்லம்மா பதறிக் குடத்தைக் கவிழ்த்தாள். புஸ்ஸென்று பட்டை இறுகியது, வாலோடு.

துணியை வெட்டலாம் என்றேன், துரை கொடுத்ததாம். அவிழ்க்கலாம் என்றேன், உள்ளே இருந்த வழுக்கையை அவர் மனைவிகூடப் பார்த்ததில்லை என்று ஊரில் பேச்சு. குனிந்தபடியே, "பட்டையக் கழட்டு ஆசாரி" என்றார். சின்னான் அவர் முகத்துக்கு நேரே குந்தினான். "கழட்டுறது பெரிசில்ல மாமா. கழண்டா பொண்ணு இல்லன்னீங்களே, அதான் யோசிக்கிறேன்." வீரப்பன் மகளைப் பார்த்தார். அவள் காலிக் குடத்தை இடுப்பில் மாற்றிவைத்துக்கொண்டு சொன்னாள்: "நல்ல நாளச் சொல்லிட்டு எந்திரிங்கப்பா."

நாளும் சொன்னார், பட்டையைக் கழற்றாமல் துணியை வெட்டவும் விட்டார். சூட்டில் இளகித் தண்ணீரில் இறுகுவது இரும்பு, சூட்டில் இறுகித் தண்ணீரில் இளகுவது மாமனார் என்பதைத் தவிர இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ள வேறொன்றும் இல்லை.