வேர் திரும்பிய முடி

பேய், பில்லி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். ராஜா காலத்தில் கரமனையில் சவுரிமுடி கட்டி விற்றவள், கைக்குத் தட்டுப்பட்டதைத்தான் நம்புவேன். நம்பினால் நம்புங்கள், இது பட்டப்பகலில் என் கண் முன்னால் நடந்தது.

கிழக்கேகோட்டையில் ஒரு பெரிய வீட்டுக்கு இளைய தாரமாக வந்த பெண் கழுத்து நெரிபட்டுச் செத்துக் கிடந்தாள். அவள் கைக்குள் கறுகறுவென்று இரண்டு நீள முடி. நீள முடி என்றால் பெண்பிள்ளை முடிதான் என்று வேலைக்காரி பாக்கியத்தைப் பிடித்து அடைத்துவிட்டார்கள், தூக்குதான் என்று ஊரெல்லாம் பேச்சு. முடியைச் சோதிக்கிற சர்க்கார் ஆபீசர் கிராப்புத் தலைக்காரர். எதற்கும் இருக்கட்டும் என்று, கையெழுத்தே தத்தித் தத்திப் போடுகிற என்னைக் கூப்பிட்டனுப்பினார். புகார் கொடுத்த கிழக் கணவரும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

முடியை இரண்டு விரலில் பிடித்து உருட்டினால் அது வேர்ப்பக்கமாகத்தான் நகரும். வேரும் நுனியும் மாறிப்போனால் சவுரி சிக்கிவிடும், அதனால் எங்களுக்கு அதுதான் முதல் பழக்கம். உருட்டினேன். தேங்காய் நார் போலச் சொரசொரப்பு, வேரில் மட்டும் எள்ளளவு வழுவழுப்பு.

“எஜமானே, இது மருந்து போட்டுக் கறுப்பாக்கின நரை. வேருகிட்ட புதுசா வளந்த இடத்துக்கு மருந்து எட்டல்லை.”

ஆபீசர் சிரித்தார். “எந்தா, என் பூதக்கண்ணாடியைக் காட்டிலும் உன் விரல் கெட்டியோ? யாரோ கிழவி முடிங்கறயா?”

“கிழவின்னு நான் சொல்லல்லையே. ஆம்பிளைக்கும் குடுமி உண்டுல்லா?”

அவர் சிரிப்பு நின்றது. ஒரு முடியைத் திராவகத்தில் போட்டார். கறுப்பு கரைந்து வெள்ளிக்கம்பி போல வந்தது.

இன்னொன்று வெள்ளைத் தட்டில் கிடந்தது, வேர் என் பக்கமாக, நான் வைத்தபடியே. முடி பறந்துவிடும் என்று ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. அந்த முடி கடிகார முள் போல மெதுவாகத் திரும்பி, வேரைப் பெஞ்சுப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. நான் திருப்பி வைத்தேன். மறுபடியும் திரும்பியது. ஆபீசரும் பார்த்தார்.

கிழவர் கை தானாகக் குடுமிக்குப் போனது. “கொஞ்சம் வெள்ளம் தரணும்” என்று தண்ணீர் கேட்டார்.

குடுமியை அவிழ்த்துப் பார்த்தால் வேரெல்லாம் எள்ளளவு வெள்ளை.

கோர்ட்டுக் காகிதத்தில் திராவகத்தைப் பற்றி எழுதினார்களாம், என் பெயர் இல்லை. போகட்டும், பாக்கியத்தின் கழுத்து தூக்குக்குத் தப்பியது. அது என் விரல் காத்த கழுத்து.

ஆனால் அந்த முடி ஏன் திரும்பியது என்று மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது. என் தலையில் உதிர்வதைக்கூடச் சும்மா போடுவதில்லை, முடிச்சுப் போட்டுத்தான் எறிகிறேன். முடிச்சுப் போட்டால் திரும்ப முடியாது அல்லவா.