டிஸ்சார்ஜ் காகிதத்தின் கடைசி வரி

கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் கடைசியில் என்னிடம்தான் வரும். பேங்க் கடிதம், பாஸ்போர்ட் ஃபாரம், ஸ்கேன் ரிப்போர்ட், எல்லாம். மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் டியூஷன் நடத்துகிறேன். வார்த்தை வார்த்தையாகப் பிய்க்காதீர்கள், மொத்தமாகச் சேர்த்துப் பிடியுங்கள் என்று பிள்ளைகளிடம் தொண்டை வறளக் கத்துவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எதிர்வீட்டு அக்கா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலை பார்க்கிறவர். அவர் கணவரைத் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டால், குணமாகிவிட்டது என்றுதான் எங்கள் பக்கம் எடுத்துக்கொள்வார்கள். அக்காவும் முகமெல்லாம் சிரிப்பாக டிஸ்சார்ஜ் காகிதத்தோடு வந்தார். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம்.

"தம்பி, இதுல என்ன போட்டிருக்காவன்னு பாத்துச் சொல்லுங்க. மெட்ராஸ்ல இருக்க மகள வரச் சொல்லணுமா? இப்பதான் வேலையில சேந்திருக்கா, லீவு கேட்டா மூஞ்சியக் காட்டுவாவளாம்."

கடைசி வரியில் 'கம்ஃபர்ட் கேர் ஒன்லி' என்று இருந்தது. தனித்தனியே பார்த்தால் மூன்றும் சாதுவான வார்த்தைகள். சேர்த்துப் படித்தால், இனி வைத்தியம் கிடையாது, உயிர் போகிறவரை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் விளக்கு வைத்த நேரத்தில் எங்கள் தெருவில் யாரும் சாவுப் பேச்சை எடுக்க மாட்டார்கள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"நல்லா பாத்துக்கிடச் சொல்லியிருக்காவ அக்கா."

"படம் பிடிச்சு மகளுக்கு அனுப்பட்டுமா?"

"எதுக்கு? அதான் நான் சொல்லுதேம்லா."

காலையில் போனேன். அக்கா கணவருக்கு இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். "தீவாளிக்கு வந்தாப் போதும்னு மகட்ட சொல்லிட்டேன்" என்றார். டியூஷனுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாளும் போனேன், மழை வராததைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். கோழைத்தனம், வேறு பெயர் கிடையாது. ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார்.

மகள் வந்து சேர்ந்தபோது அப்பா ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். அழுது ஓய்ந்தபிறகு, மருந்துப் பைக்குள் இருந்த காகிதத்தை எடுத்துப் படித்தாள்.

"யாரும்மா இதப் படிச்சுச் சொன்னது?"

தெருவே உட்கார்ந்திருந்தது. அக்கா எனக்கு முந்திக்கொண்டார்.

"ஏட்டி, தம்பியக் குத்தம் சொல்லாத. அது டாக்டர்மாரு இங்கிலீஷு, தம்பிக்கு வெளங்கல."

மகள் என்னைப் பார்த்தாள். "அப்படியா சார்?"

இரண்டு வருஷம் என்னிடம் இங்கிலீஷ் படித்த பிள்ளை அவள்.

"ஆமாம்மா" என்றேன். "எனக்கு வெளங்கல."

அவள் அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை பார்த்துவிட்டு, காகிதத்தை மடித்து மருந்துப் பைக்குள் வைத்தாள்.