ரைலி காடியில் வைத்த பொட்டு

சாமிநாதன்னு ஒருத்தன். ஒல்லியான ஆளு, குரலே வெளிய வராது. மலாக்காவுல பெம்பான் பக்கத்துல நாங்க இருந்த தோட்டத்துல துரையோட காடியைக் கழுவுறது அவன் வேலை. அந்தக் காடிக்கு நான்தான் ட்ரைவர், ரங்கசாமி. நான் ஓட்டுறவன், அவன் கழுவுறவன். அந்தத் திமிரு எனக்கு நல்லாவே இருந்துச்சு. இனிமே அதை ஒளிச்சு என்ன ஆகப்போவுது?

காடி ஜப்பான் சண்டைக்கு முந்தின ரைலி, இங்கிலீஷ் கார். பாலேடு மாதிரி நிறம். ஜப்பான்காரன் வந்தப்ப பழைய துரை அதைப் போட்டது போட்டபடி ஓடிப்போயிட்டாரு. ரப்பர் ஷீட்டு அடுக்குக்குப் பின்னால மறைச்சு வச்சுக் காப்பாத்துனது சாமிநாதன்தான். பிடிச்சிருந்தா தலை போயிருக்கும். பின்னால வந்த புது துரைக்கு இந்தக் கதை தெரியாது. நானும் சொன்னதில்ல.

அம்பத்திரெண்டாம் வருசம், அவசரகாலம். தோட்டத்தைச் சுத்தி முள்ளுக்கம்பி வேலி. காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுங்களுக்குச் சாப்பாடு போயிடக்கூடாதுன்னு கேட்டுல மடியைத் தடவிப் பாத்துதான் வெளிய விடுவாங்க, ஒரு பிடி அரிசி தாண்டாது. அப்பவும் துரைங்களுக்கு ஒரு கொண்டாட்டம். பழைய இங்கிலீஷ் காடி வச்சிருக்கிறவங்க எல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை மலாக்கா டவுன் பாடாங்ல, அந்தக் கடலோரத் திடல்ல, கூடுறாங்களாம். பளபளன்னு இருக்கிற காடிக்குக் கோப்பை குடுப்பாங்களாம். எங்க துரை முதல் நாளே டவுனுக்குக் கெளம்பிட்டாரு. “காடியை நீ கொண்டு வா ரங்கசாமி, பொண்டாட்டி புள்ளையும் வரட்டும்”னு தமிழ்லயே சொல்லிட்டுப் போனாரு.

சாமிநாதன் மூணு நாளா கழுவி, மெழுகு போட்டு, துணியால தேய்ச்சான். சனிக்கிழமை சாயங்காலம் என்கிட்ட வந்து நின்னான்.

“அண்ணே, நானும் ஒரு ஓரமா உக்காந்து வரட்டுமா? எல்லாக் காடியும் ஒரே எடத்துல நிக்கிறதை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்.”

“எடம் இல்லப்பா”ன்னேன்.

என் பொண்டாட்டி மீனம்மாவும் மக ஜெயாவும் பின்னால உக்காந்தா, முன் சீட்டு காலிதான். குடும்பத்தோட ஜம்முனு போய் எறங்குறப்ப காடி கழுவுறவன் பக்கத்துல இருந்தா நல்லாவா இருக்கும்? அம்புட்டுதான் என் புத்தி.

காலையில கெளம்புனோம். அதுக்கு முந்தின வாரம்தான் அந்த ரோட்டுல ஒரு லோரியைக் கம்யூனிஸ்டுங்க சுட்டிருந்தாங்க. தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சேன். குங்குமத்தைத் தண்ணியில குழைச்சு பானெட்டு மேல மூணு பொட்டு வச்சேன். துரை காடியில அதெல்லாம் கூடாதுன்னு எனக்குத் தெரியும். டவுனுக்குள்ள போறதுக்கு முன்னால துடைச்சிட்டாப் போச்சுன்னு நெனச்சேன்.

துடைச்சேன். வெயில்ல காஞ்சு பெயிண்டுல ஊறிப்போயிருந்துச்சு. ஈரத்துணியால தேய்க்கத் தேய்க்க இன்னும் பரவுச்சு.

பாடாங் முழுக்க மோரிஸ், ஆஸ்டின், ரோவர்னு வரிசை கட்டி நிக்குது. தொப்பி போட்ட துரைசானிங்க கொடை பிடிச்சுக்கிட்டு நடக்குறாங்க. ஜெயா விரல் விட்டு எண்ணிக்கிட்டிருந்தா. எங்க துரை ரெண்டு சினேகிதங்களோட வந்து பானெட்டைப் பாத்தாரு. கூட வந்தவங்க சிரிச்சாங்க. அவரு மூஞ்சி செவந்துபோச்சு.

“யார் செஞ்சது?”

“சாமிநாதங்கய்யா. கழுவுறப்ப வச்சிருப்பான்.”

யோசிக்கவே இல்ல, வந்துடுச்சு. ஜெயா என்னை நிமிந்து பாத்தா. மீனம்மா கடல் பக்கம் திரும்பிக்கிட்டா. புள்ளை எதையாவது சொல்லித் தொலைச்சா துரைக்குப் புரியுமேன்னு, அவளைத் தரதரன்னு இழுத்துட்டுப் போய் சிரப்பு ஊத்தின ஐஸ் உருண்டை ஒண்ணு வாங்கிக் கையில குடுத்தேன். ஏழு வயசுப் புள்ளை வாயை ஐஸ் குடுத்து அடைச்சவன் நான். கோப்பை வேற யாருக்கோ போச்சு.

திங்கக்கிழமை ஆபீஸ் வாசல்ல துரை சாமிநாதனைக் கூப்பிட்டு, “காடியில பொட்டு வச்சியா?”ன்னாரு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். இல்லன்னு சொல்லுவான், அடுத்த கேள்வி என் பக்கம் திரும்பும்னு இருந்தேன்.

“வச்சேங்கய்யா”ன்னான்.

துரை அதுக்கு மேல கேக்கல. சீட்டைக் கிழிச்சிட்டாரு. மறுநாளே தோட்டம் குடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணணும். அந்தக் காலத்துல துரை வெரட்டுன ஆளைச் சட்டுனு வேற தோட்டத்துல சேக்க மாட்டாங்க, அரிசி வாங்குற கார்டும் இங்கயே நின்னுபோவும். பொண்டாட்டி இருசம்மாளையும் ரெண்டு புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு ரெம்பியாவுல இருக்கிற மச்சான் வீட்டுக்குப் போறதாப் பேசிக்கிட்டாங்க.

எனக்காகத்தான் பழியைச் சுமந்துட்டான்னு நெனச்சேன். சாயங்காலம் அவனே என் வாசலுக்கு வந்தான்.

“என்னால உங்களுக்குத் தலைகுனிவாப் போச்சுண்ணே, மன்னிச்சிடுங்க. புள்ளையோட போறீங்களே, வழியில ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு பானெட்டுக்கு உள்பக்கமா ஒரே ஒரு துளிதான் வச்சேன். எஞ்சின் சூட்டுல எப்படி வெளிய கசிஞ்சதுன்னுதான் தெரியல.”

வாயைத் தொறந்திருக்கணும். உள்ள மீனம்மா தட்டை நங்குனு வைக்கிற சத்தம் கேட்டுச்சு. எனக்கு என் வேலை, என் வீடு.

“பரவால்லலா, விடு”ன்னேன்.

ரெண்டடி போனவன் திரும்பி வந்தான். “தண்ணி போட்டுத் தேய்க்காதீங்கண்ணே. தேங்கெண்ணெய் தொட்டு மெதுவா ஒத்தி எடுங்க, போயிடும்.” கொஞ்சம் நின்னுட்டுக் கேட்டான், “எத்தனை காடிண்ணே வந்துச்சு?”

“முப்பது இருக்கும்.”

“முப்பதா?”ன்னு சிரிச்சான். அவ்வளவு சந்தோசம் மூஞ்சியில.

மறுநாள் அவன் பொட்டி ஏத்தின லோரி கேட்டைத் தாண்டுனப்புறம், அவன் சொன்ன மாதிரி எண்ணெய் தொட்டு ஒத்தினேன். ரெண்டாவது ஒத்துலயே கறை போயிடுச்சு. பானெட்டைத் தூக்கிப் பாத்தேன். உள்பக்க மூலையில அரிசி அளவுக்கு ஒரு பொட்டு, வச்சது வச்சபடி இருந்துச்சு. ஒரு துளி கசியல.

அதுக்கப்புறமும் ஒன்பது வருசம் அந்தக் காடியை ஓட்டுனேன். ரெம்பியாவுக்கு பஸ் ஏறுனா ரெண்டு மணி நேரம் ஆகாது. நான் போகல.